டபுள் கப் பிக்அப்பில் பைபாஸ் ஒயில் பில்டர்: ரிட்டர்ன் லைனை எங்கே விடுவது?

#1 வன்னி_டபுள்கப் (கிளிநொச்சி), 2025 ஜூன் 14

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2009ஆம் ஆண்டு ஜப்பான் டபுள் கப். 3 லிட்டர் காமன் ரெயில் டீசல், டர்போ. கம்பனிப் பெயரை எழுதினால் முதல் பத்துப் பதிவும் எது சிறந்தது என்ற சண்டையிலேயே கரைந்துவிடும், ஆகவே விட்டுவிடுகிறேன். ஒரு தொண்டு நிறுவனம் ஓட்டிக் களைத்த வாகனம், ஏலத்தில் எடுத்தேன். மீட்டர் 2 இலட்சத்து 87 ஆயிரம் காட்டுகிறது.

2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள். இந்த ஆண்டு தொடக்கத்தில் மறுபடி திறந்தார்கள் என்றாலும் வரியோடு விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது. இந்த எஞ்சினையே இன்னும் பத்து ஆண்டு ஓட்டியாக வேண்டும். நெல் மூட்டை, செம்மண் பாதை, பாதி நேரம் முதலாம் இரண்டாம் கியர். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒயில் மாற்றுகிறேன். மாற்றி இரண்டு நாளில் ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்தால் தார் போல் வருகிறது.

பைபாஸ் ஒயில் பில்டர் பூட்ட நினைக்கிறேன். அழுத்த ஒயிலை எங்கிருந்து எடுப்பது, வடித்த ஒயிலை எங்கே திருப்பிவிடுவது? கிளிநொச்சியில் கேட்டால் எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

#2 ரிக்வண்டி (திருச்செங்கோடு), ஜூன் 14

நல்ல கேள்வி தம்பி. எங்கள் ஊரில் போர்வெல் வண்டி இல்லாத தெரு கிடையாது. பெரிய எஞ்சின்களோடுதான் நான் வளர்ந்தேன். அங்கே இது புது விஷயமே இல்லை. பழைய கம்மின்ஸ் 855 எஞ்சின்களில் கம்பெனியே முதன்மை ஃபில்டரோடு இரண்டாவதாக ஒரு பைபாஸ் ஃபில்டரையும் வைத்துத்தான் கொடுத்தது.

முதலில் அடிப்படை. உங்கள் எஞ்சினில் இருக்கும் ஃபில்டர் வழியாக மொத்த ஆயிலும் போக வேண்டும். பம்ப் தள்ளும் வேகத்துக்கு அது வழிவிட வேண்டும் என்பதால் துளைகளை ரொம்பச் சிறிதாக வைக்க முடியாது. சாதாரண ஃபில்டர் நம்பிக்கையாகப் பிடிப்பது 20, 30 மைக்ரானுக்கு (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட தூளைத்தான். பேரிங்கில் ஆயில் படலத்தின் கனமோ பல இடங்களில் அதைவிடக் குறைவு. தேய்மானம் செய்கிற தூள் அந்த இடைவெளிக்குள் நுழைகிற அளவில் இருக்கும் 5, 10 மைக்ரான் தூள். பைபாஸ் ஃபில்டர் ஓட்டத்தில் ஐந்து முதல் பத்து சதவீதம் வரை மட்டும் திருடி, மிக நெருக்கமான ஊடகத்தில் மெதுவாக வடித்து, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்கு நேராக அனுப்பிவிடும். அவசரம் இல்லாததால் அதனால் இரண்டு மூன்று மைக்ரான் வரை இறங்க முடிகிறது.

ஆயில் எடுக்கும் இடம்: ஆயில் பிரஷர் சுவிட்ச். அதைக் கழற்றி ஒரு டீ, அதாவது T வடிவ மூவழி இணைப்பு, போடுங்கள். திருப்பும் இடத்துக்கு மூன்று வழி: ட்ரெய்ன் பிளக்கைத் துளையிட்டுக் கீழேயே விடலாம், சம்ப்பின் பக்கச் சுவரில் ஒட்டு வைக்கலாம், ஆயில் ஊற்றும் மூடியில் விடலாம். உங்கள் பாதைக்கு முதல் வழி வேண்டவே வேண்டாம். ஒரு கட்டை தட்டினால் கதை முடிந்தது. மூடிதான் சரி.

#3 சந்தேகப்பிராணி (சென்னை), ஜூன் 15

ஒரு கேள்வி. தேவையா? 5,000 கிலோமீட்டருக்கு ஆயில் மாற்றுகிறவருக்கு இது எதற்கு? கிட் வாங்கும் பணத்தில் பல தடவை ஆயிலே மாற்றலாமே. கசியக்கூடிய இணைப்புகள் ஆறேழு கூடுகின்றன. எஞ்சினுக்கு வெளியே அழுத்த ஆயிலை ரப்பர் குழாயில் ஓடவிடுவது எனக்கு உவப்பாக இல்லை.

#4 எட்மன்டன்_பனி (கனடா), ஜூன் 15

இங்கே டீசல் பிக்அப் வைத்திருப்பவர்களிடம் இது சாதாரணம். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் 1980களின் ஃபோர்டு டீசலில் ஃபிரான்ட்ஸ் பில்டர் வைத்திருக்கிறார். உள்ளே போடுவது என்ன தெரியுமா? கழிவறைத் தாள் உருளை! 1950களிலிருந்தே அமெரிக்காவில் விற்ற பொருள். தாள் உருளையின் அடுக்குகளுக்கிடையே ஒயில் நீளவாக்கில் நடந்து போகும். அவருடைய ஒயில் தேன் நிறத்தில் இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன்.

அமெரிக்க எரிசக்தித் துறைக்காக ஐடாஹோ தேசிய ஆய்வகம் 2002இல் தொடங்கித் தன் ஊழியர் பேருந்துகளில் பைபாஸ் பில்டர் பூட்டிப் பார்த்தது. ஒயிலை நாள் கணக்குப் பார்த்து மாற்றவில்லை. மாதிரி எடுத்துப் பரிசோதித்து, கெட்டால் மட்டும் மாற்றினார்கள். ஏராளமான ஒயில் மிச்சம். வன்னி, நீங்களும் 5,000 என்பதை 20,000 ஆக்கிவிடலாம்.

#5 சந்தேகப்பிராணி, ஜூன் 15

தேன் நிறமா? எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு? பெரியவர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு மட்டும் எடுக்கிற வண்டியாக இருக்கும்.

#6 ரிக்வண்டி, ஜூன் 16

சிரித்துவிட்டேன். ஆனால் சந்தேகப்பிராணி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆயிலைக் கறுப்பாக்குவது புகைக்கரி. கரியின் அடிப்படைத் துகள் ஒரு மைக்ரானில் இருபதில் ஒரு பங்குகூட வராது. அவை சேர்ந்து கட்டியானாலும் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்குள்ளேயே நிற்கும். அதோடு ஆயிலில் உள்ள டிஸ்பர்சன்ட் ரசாயனத்தின் வேலையே கரியைக் கட்டியாகவிடாமல் மிதக்க வைப்பதுதான். புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் உள்ள காமன் ரெயில் எஞ்சினில் பைபாஸ் போட்டாலும் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும். கறுப்பு நிறம் கெட்ட ஆயிலுக்கு அடையாளமும் இல்லை. நிறத்தைப் பார்த்து யாரும் ஏமாறவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம்.

தேய்மானம் குறையும் என்பதற்கு எல்லோரும் காட்டுவது 1988இல் ஜெனரல் மோட்டார்ஸ் தரப்புப் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வு. 40 மைக்ரான் ஃபில்டரோடு ஒப்பிட்டால் 30 மைக்ரானில் தேய்மானம் பாதியாகவும், 15 மைக்ரானில் எழுபது சதவீதமும் குறைந்தது என்பது முடிவு. விற்பனைக்காரர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். சோதனையை விரைவுபடுத்த ஆயிலில் வேண்டுமென்றே தூசியைக் கலந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம் வண்டியில் அவ்வளவு தூசி ஆயிலுக்குப் போகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி.

இடைவெளியை 20,000 ஆக்குவது பற்றி: இலங்கையில் நீங்கள் எந்த டீசல் அடிக்கிறீர்கள்?

#7 வன்னி_டபுள்கப், ஜூன் 16

ஓட்டோ டீசல்தான் அண்ணா, இங்கே சாதாரண டீசலுக்கு அந்தப் பெயர். சூப்பர் டீசல் இந்தப் பக்கம் எல்லா இடத்திலும் இல்லை, விலையும் கட்டாது.

#8 ரிக்வண்டி, ஜூன் 16

அப்படியானால் 5,000ஐத் தொடாதீர்கள். ஓட்டோ டீசலில் கந்தகம் கூடுதல். எரிந்து அமிலமாகி ஆயிலுக்குள் இறங்கும். அமிலத்தை முறிக்க ஆயிலில் காரச் சேர்க்கை இருக்கிறது. அது தீர்ந்துபோனால் எந்த ஃபில்டரும் திருப்பிக் கொடுக்காது. ஆயிலில் டீசல் கலந்தால் அதையும் பிரிக்காது. ஃபில்டர் தூளைத்தான் பிடிக்கும்.

#9 பழைய_ஸ்பேனர் (திருகோணமலை), ஜூன் 17

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். தம்பி வன்னி, பில்டர் கதையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முப்பத்தெட்டு ஆண்டு கராஜ் வைத்திருந்தவன் கேட்கிறேன்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் டாஷ்போர்டில் உள்ள ஒயில் அழுத்த எச்சரிக்கை லாம்பு அணைய எத்தனை விநாடி? டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குக் கீழுள்ள செப்பு வாஷர்களைக் கடைசியாக மாற்றியது எப்போது?

இந்தக் காலத்துக் காமன் ரெயில் எஞ்சினில் அந்த வாஷர் தளர்ந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு மேலே ஏறி வால்வு மூடிக்குள் புகும். அந்தச் சூட்டில் ஒயில் கருகி, காய்ந்த சேறு போல் உதிர்ந்து, சம்ப்பில் இறங்கி, பம்ப் உறிஞ்சும் குழாயின் வலையில் போய் அடைக்கும். வலை பம்புக்கு முன்னால் இருக்கிறது. நீங்கள் பூட்டப்போகும் பில்டர் பம்புக்குப் பின்னால். வாசலை அடைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தைப் பெருக்கி என்ன பயன்?

#10 வன்னி_டபுள்கப், ஜூன் 17

ஐயா, இன்று காலை எண்ணினேன். ஐந்து விநாடிக்கு மேல். வாஷர் மாற்றியதாகப் பதிவு எதுவும் இல்லை.

#11 பழைய_ஸ்பேனர், ஜூன் 17

இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கீழ்ச் சம்ப்பைக் கழற்றுங்கள். சிலிக்கோன் பசை இரும்பாகப் பிடித்திருக்கும், திருப்புளியைக் கொடுத்து நெம்பினால் விளிம்பு வளையும். மெல்லிய தகட்டைச் சுற்றிலும் தட்டித் தட்டி ஏற்றுங்கள். படம் போடுங்கள்.

#12 வன்னி_டபுள்கப், ஜூன் 22

படத்தை இணைத்திருக்கிறேன். வலையில் ஏறத்தாழ பாதி மூடியிருந்தது. தேயிலைச் சக்கை போல் கரகரவென்று கறுப்புத் துகள். நகத்தால் அழுத்தினால் பொடிகிறது, காந்தத்தில் ஒட்டவில்லை. உலோகம் இல்லை என்பதில் ஒரு நிம்மதி. மூன்றாம் சிலிண்டர் இன்ஜெக்டரைச் சுற்றிக் கருகல் தெளிவாகத் தெரிந்தது.

நான்கு வாஷரும் மாற்றினோம். வாஷர்கள் அமரும் இடங்களை மட்டப்படுத்தித் துடைத்தோம். உறிஞ்சு குழாயைக் கழற்றி டீசலில் ஊறவிட்டுக் காற்றடித்தோம். புது ஒயில், புதுப் பில்டர். லாம்பு இப்போது ஒரு விநாடிக்குள் அணைகிறது. இந்த எஞ்சின் இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்கும் என்று நினைத்தால் கை நடுங்குகிறது. ஐயா, திருகோணமலைப் பக்கம் வந்தால் கட்டாயம் உங்களை வந்து பார்ப்பேன்.

பைபாஸ் ஆசை மட்டும் இன்னும் போகவில்லை. கருகல் துணுக்குகள் இன்னும் சில எங்காவது ஒட்டியிருக்கும் அல்லவா?

#13 பழைய_ஸ்பேனர், ஜூன் 22

வரும்போது கருவாடு கொண்டுவர வேண்டாம், இங்கே நிறைய இருக்கிறது. இந்த ஒயிலை 1,000 கிலோமீட்டரில் ஊற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு உங்கள் விளையாட்டுச் சாமானைப் பூட்டலாம்.

#14 எட்மன்டன்_பனி, ஜூன் 23

வன்னி, என்னிடம் பாவிக்காத ஒரு கிட் இருக்கிறது. பில்டர் தலை, இணைப்புகள், எல்லாம் உண்டு. அடுத்த மாதம் அண்ணா யாழ்ப்பாணம் வருகிறார், கொடுத்துவிடுகிறேன். தபால் செலவும் இல்லை.

#15 ரிக்வண்டி, ஜூன் 23

கொடுத்து அனுப்புங்கள், புண்ணியம். ஆனால் வன்னித் தம்பி, அந்த இணைப்புகளை எஞ்சினில் நேரே முறுக்காதீர்கள்! வட அமெரிக்கக் கிட் என்றால் அமெரிக்கக் கூம்பு மரை, என்பிடி. ஜப்பான் எஞ்சினில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் ஓட்டை பிரிட்டிஷ் கூம்பு மரை, பிஎஸ்பிடி. இரண்டுமே எட்டில் ஒரு அங்குலம் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் என்பிடிக்கு அங்குலத்துக்கு 27 மரை, மரையின் கோணம் 60 பாகை. பிஎஸ்பிடிக்கு 28 மரை, 55 பாகை. இரண்டு சுற்று இனிதாக ஏறும், பிறகு இறுகும், பொருந்திவிட்டது என்று கை சொல்லும். அலுமினிய உறையில் அப்படி இறுக்கினால் மரை போய்விடும்; விரிசலும் விழலாம். எஞ்சின் பக்கம் பிஎஸ்பிடி, அடுத்த பக்கம் என்பிடி என்று ஒரு இடைத்துண்டு லேத்தில் கடைந்துகொள்ளுங்கள்.

அந்த இடைத்துண்டிலேயே ஓட்டத்தைக் கட்டுப்படுத்த 1.5 மில்லிமீட்டர் துளை போட்டுவிடுங்கள். இதை மட்டும் அடிக்கோடு இட்டுப் படியுங்கள். கிட்டுகளில் இந்தக் குறுந்துளை பெரும்பாலும் ஃபில்டர் தலைக்குள் இருக்கும். ஹோஸ் நடுவில் வெடித்தால் தலைக்குள் இருக்கும் துளை எதைத் தடுக்கும்? முழு ஓட்டமும் வெளியே பீய்ச்சும், ஒரு நிமிடத்துக்குள் சம்ப் காலி. துளை எஞ்சின் வாயிலேயே இருந்தால், சூடான ஆயிலுக்கு 3 பார் அழுத்தத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 லிட்டர்தான் போகும். வண்டியை ஓரம் கட்ட நேரம் கிடைக்கும்.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. வெளியேறுவது அவ்வளவு குறைவு என்பதால் எஞ்சினுக்குள் அழுத்தம் இறங்காது. சம்ப் வற்றிப் பம்ப் காற்றை உறிஞ்சும் வரை லேம்ப் எரியாது. அதனால் கண்ணாடியில் பின்னால் புகையோ தரையில் கோடோ தெரிகிறதா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

#16 சந்தேகப்பிராணி, ஜூன் 23

2 லிட்டர் என்றால் 7 லிட்டர் சம்ப்புக்கு மூன்றரை நிமிடத்தில் மொத்த ஆயிலும் ஒருமுறை வடிபட்டுவிடுமா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

#17 ரிக்வண்டி, ஜூன் 23

வடிந்தது வடியாததோடு கலந்துகொண்டே இருக்கிறதே. மூன்றரை நிமிடத்தில் முழுவதும் என்று சொல்ல முடியாது, ஃபில்டரின் தடையும் வேகத்தைக் குறைக்கும். அரை மணி நேரம் ஓடினால் எல்லாத் துளியும் பல தடவை போய் வந்திருக்கும். உங்களைச் சம்மதிக்க வைக்க நான் பிரயத்தனப்படவில்லை.

#18 மட்டுறுத்துநர், ஜூன் 24

கழிவறைத் தாள் பற்றி வந்த பதினொரு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே பொருத்துவது பற்றி மட்டும் பேசுங்கள்.

#19 வன்னி_டபுள்கப், ஆகஸ்ட் 10

நேற்றுப் பூட்டி முடித்தேன். எட்மன்டன் அண்ணாவுக்கு நன்றி, கிட் பத்திரமாக வந்தது.

இடம்: இடது பக்க சேசிஸ் ரெயிலின் உட்புறம், முன் சில்லுக்குப் பின்னால். பில்டர் நிறைந்தால் கனக்கும் என்பதால் 5 மில்லிமீட்டர் தகட்டில் தாங்கி வெட்டினேன். சேசிஸ் அசையாது, எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும். ஆகவே ஹோஸ் இரண்டுக்கும் ஒரு முழம் தளர்வு விட்டேன்.

ஹோஸ்: ஜேசிபிக்காரர்கள் போகும் ஹைட்ரோலிக் கடையில் அழுத்தி முடித்துத் தந்தார்கள். முதலில் எடுத்துத் தந்தது 100ஆர்1 வகை. அழுத்தம் பயமில்லை, ஆனால் சூடு 100 பாகை வரைக்குத்தான் என்று எழுதியிருந்தது. நெல்லேற்றி ஏற்றத்தில் ஏறும்போது ஒயில் அதைத் தாண்டும். கடைக்காரரோடு வாதாடி உள்ளே டெஃப்லான், வெளியே எஃகுப் பின்னல் உள்ளதை எடுத்தேன். டர்போவிலிருந்து ஒதுக்கி, சேசிஸைத் தொடும் இரண்டு இடத்தில் ரப்பர் உறை போட்டேன். எஃகுப் பின்னல் எதையும் அறுக்கும், பிரேக் குழாயையும் விடாது.

ரிட்டர்ன்: ஒயில் மூடி. அசல் மூடி பிளாஸ்டிக். அதில் துளையிட மனம் வரவில்லை. லேத்தில் அலுமினிய மூடி கடைந்து சுழலும் இணைப்பு வைத்தேன். ஒயில் ஊற்ற மூடியைத் திருகினால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளாது.

டீயைப் பிரஷர் சுவிட்ச் இருந்த இடத்தில் முறுக்கி, சுவிட்சை அதன் மேலேயே வைத்து, குறுந்துளை உள்ள இடைத்துண்டை ஹோஸ் போகும் கிளையில் வைத்துவிட்டேன். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பில்டரை ஒயிலால் நிரப்பினேன். பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, டிப்ஸ்டிக் பார்த்து இன்னும் கால் லிட்டர் சேர்த்தேன். ரிட்டர்ன் ஹோஸைத் தொட்டால் சூடு, ஓட்டம் இருக்கிறது. ஐடிலில் லாம்பு எரியவில்லை.

#20 பழைய_ஸ்பேனர், ஆகஸ்ட் 10

மற்றதெல்லாம் சரி. டீயின் மேல் சுவிட்ச் நீட்டிக்கொண்டு நிற்கிறதா? டீ பித்தளையா?

#21 வன்னி_டபுள்கப், ஆகஸ்ட் 10

ஆம் ஐயா, பித்தளை. கையால் அசைத்துப் பார்த்தேன், உறுதியாக இருக்கிறது.

#22 பழைய_ஸ்பேனர், ஆகஸ்ட் 10

கை அசைப்பது வேறு, நாலு சிலிண்டர் டீசல் அசைப்பது வேறு.

#23 வன்னி_டபுள்கப், செப்டம்பர் 2

தலை குனிந்து எழுதுகிறேன். 1,400 கிலோமீட்டர் ஓடிய பிறகு, மாங்குளத்தில் தேநீர் குடிக்க நிறுத்தினேன். எஞ்சினுக்கடியில் நான்கைந்து சொட்டு. டீயின் கழுத்தில், மரை தொடங்கும் இடத்தில், மயிரிழை விரிசல். எஞ்சின் ஓடும்போது அந்த விரிசலிலிருந்து பனிப்படலம் போல் ஒயில் வந்தது. அது குறுந்துளைக்கு முன்னால் உள்ள இடம் என்பதால் முறிந்திருந்தால் எதுவும் தடுத்திருக்காது. டர்போவும் பக்கத்தில்தான், தீப்பிடித்திருக்கவும் கூடும்.

அதிர்ஷ்டத்துக்கு எட்டில் ஒரு அங்குல அடைப்பு ஆணி ஒன்று டாஷ்போர்டில் கிடந்தது. டீயைக் கழற்றி, ஓட்டையை அடைத்து, லாம்பு இல்லாமலே மெதுவாக வீடு வந்தேன்.

#24 ரிக்வண்டி, செப்டம்பர் 2

குற்றம் என்னுடையது, முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். எஞ்சின் வாயில் நேராகக் குட்டையான எஃகு இடைத்துண்டு மட்டும் இருக்கட்டும், குறுந்துளை அதற்குள். சுவிட்சையும் டீயையும் சேசிஸுக்கோ உடல் தகட்டுக்கோ கொண்டுபோய், குட்டி ஹோஸால் இணையுங்கள். எஞ்சினிலிருந்து எதுவும் தொங்கக் கூடாது.

#25 சந்தேகப்பிராணி, செப்டம்பர் 2

நில்லுங்கள். குறுந்துளைக்குப் பிறகு சுவிட்ச் வைத்தால் அது எஞ்சினின் அழுத்தத்தைக் காட்டாதே? ஃபில்டருக்குள் ஆயில் எளிதாக ஓடும்போது துளைக்குப் பின்னால் அழுத்தம் இறங்கியிருக்கும். நல்ல எஞ்சினில் லேம்ப் எரிந்து பயமுறுத்தும்.

#26 ரிக்வண்டி, செப்டம்பர் 2

முழுக்கச் சரி. அவசரத்தில் எழுதிவிட்டேன். துளை டீக்குப் பின், ஃபில்டருக்குப் போகும் கிளையின் தொடக்கத்தில். எஞ்சினிலிருந்து டீ வரை உள்ள குட்டி ஹோஸில் துளை இல்லை என்பதால் அதைத்தான் மிக நல்ல தரத்தில் போட வேண்டும். இந்த இழையிலேயே உருப்படியான பதிவு உங்களுடையது, வேண்டாம் என்று சொன்னவரிடமிருந்து வந்திருக்கிறது.

#27 வன்னி_டபுள்கப், டிசம்பர் 21

எஃகு டீ, ஃபயர்வாலில் தாங்கி, குட்டி ஹோஸ், துளை பில்டர் கிளையில். அப்படியே மாற்றினேன். 5,200 கிலோமீட்டர் ஓடியாயிற்று, மழைக்காலமும் வந்துவிட்டது, ஒரு சொட்டுக் கசிவில்லை. ஒயில் இன்னும் கறுப்புத்தான். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். முன்பு நடுவில் கரிய வட்டம் விளிம்போடு நின்றுவிடும், இப்போது சாம்பல் நிறமாக வெளியே வரை சீராகப் பரவுகிறது. அது பில்டராலா, வாஷர் மாற்றியதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இரண்டாவது என்றுதான் என் ஊகம்.

பழைய முதன்மைப் பில்டரை வெட்டிப் பார்த்தேன். ஒன்றிரண்டு கருகல் துணுக்கு இருந்தது. ஒயிலை மாற்றிவிட்டேன், நீட்டிக்கவில்லை. பைபாஸ் பில்டரை மட்டும் அடுத்த முறைக்கு விட்டிருக்கிறேன்.

#28 எட்மன்டன்_பனி, டிசம்பர் 22

அந்த அடைப்பு ஆணி உங்கள் டாஷ்போர்டுக்கு எப்படி வந்தது? கிட்டில் அது இல்லையே.

#29 வன்னி_டபுள்கப், டிசம்பர் 22

இடைத்துண்டு கடைந்த லேத்காரர், கேட்காமலே ஒன்று கடைந்து பையில் போட்டுவிட்டார். காசும் வாங்கவில்லை. இப்போது இரண்டு வைத்திருக்கிறேன், அவற்றோடு பழைய பிளாஸ்டிக் மூடியும் 14ஆம் இலக்க ஸ்பேனரும்.